இங்கிலாந்தில் பாடசாலை கவர்னரின் வேலை என்ன, கூட்டத்தில் பேசப்படும் அந்த எழுத்துச்சுருக்கங்களின் பொருள் என்ன?

கேள்வி: என் மகள் இலண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மாதம் பெற்றோர் கவர்னராகத் தெரிவானேன். முதற்கூட்டத்துக்கு எண்பது பக்கத்துக்கு மேல் ஆவணங்கள் வந்திருக்கின்றன. பாதி எழுத்துச்சுருக்கமாகவே இருக்கிறது. என் வேலை உண்மையில் என்ன? இந்தச் சொற்களையெல்லாம் படித்துத் தேறாமல் அங்கே போய் உட்காரலாமா?

பதில்:

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தாராளமாக உட்காரலாம். வடமேற்கு இலண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் நான்கு ஆண்டுகள் பெற்றோர் கவர்னராக இருந்து, அதன்பின் ஐந்து ஆண்டுகளாகக் குழுவே இணைத்துக்கொண்ட கவர்னராக இருந்து வருகிறேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் புதிய எழுத்துச்சுருக்கம் ஒன்றையாவது சந்திக்காமல் ஒரு தவணையும் கழிந்ததில்லை. தெரியாத சொல்லைக் கூட்டத்திலேயே கேட்டு, அது நம் பாடசாலையில் எத்தனை பிள்ளைகளைக் குறிக்கிறது, அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது கவர்னர் வேலையின் பெரும்பகுதி என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நீங்கள் அதை முதற்கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.

கவர்னர் என்ற சொல்லிலேயே நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. அதை ஆளுநர் என்று தமிழாக்கியவுடன் மாகாணத்தை ஆளும் ஒருவருடைய உருவம் மனதில் வந்துவிடுகிறது. பாடசாலை கவர்னருக்குத் தனியாளாக எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் முழுவதும் குழுவுக்குரியது. உறுப்பினர்களில் பாதிப்பேராவது கூடி, பேசி, எடுத்த முடிவு கூட்டக் குறிப்பில் பதியப்பட்டால்தான் அது கவர்னர்களின் முடிவாகும். ஆகவே நீங்கள் கவர்னர் என்ற உரிமையில் வகுப்பறைக்குள் நுழைந்து ஆசிரியரிடம் விளக்கம் கேட்கவும் முடியாது, பெற்றோர் ஒருவருக்கு உங்கள் பெயரில் வாக்குறுதி கொடுக்கவும் முடியாது. குழுவுக்குரிய கடமைகள் மூன்று என்று 2013ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. பாடசாலை எந்தத் திசையில் போக வேண்டும், எத்தகைய இடமாக இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக வைத்திருப்பது முதலாவது. பிள்ளைகளின் கல்விக்கும் ஆசிரியர்களின் செயற்பாட்டு மதிப்பீட்டுக்கும் அதிபரைப் பொறுப்புச் சொல்ல வைப்பது இரண்டாவது. பணம் ஒழுங்காகச் செலவாகிறதா, செலவான பணத்துக்குப் பயன் கிடைக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முன்பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எண்பது பக்க ஆவணங்களில் எந்தப் பக்கம் எந்தக் கடமைக்குரியது என்று பார்த்துக்கொண்டே போனால், படிக்க வேண்டியது எது, புரட்டிவிடக்கூடியது எது என்பது தானாகப் பிடிபடும்.

இலங்கையில், ஊரில் நாங்கள் பார்த்த பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் தடுமாற்றம் வரும். அங்கே அதிபரே சங்கத்தின் தலைவர். பெற்றோர் கட்டடத்துக்கு நிதி சேர்ப்பார்கள், விளையாட்டுப் போட்டிக்குத் தோள் கொடுப்பார்கள். இங்கே அந்த வகை வேலை பி.ரி.ஏ. எனப்படும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினுடையது. கவர்னர் குழுவில் அதிபர் உறுப்பினராக இருக்கலாம், தவிசாளராக முடியாது. பாடசாலையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் எவரும் தவிசாளராக முடியாது. புதிய அதிபரைத் தெரிவு செய்வதும், ஆண்டுதோறும் அவருக்கு இலக்குகள் வகுத்து அவற்றை எட்டினாரா என்று மதிப்பிடுவதும் கவர்னர்களே. அதிபர் வந்தால் எழுந்து நின்று பழகிய நமக்கு, “இந்த எண்ணிக்கை ஏன் விழுந்தது?” என்று அவரை நேருக்கு நேர் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். முதல் ஆண்டு முழுவதும் எனக்கு அப்படித்தான் நா எழவில்லை. பின்னர்தான் ஒன்று தெரிந்தது: நல்ல அதிபர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே வருகிறார், கேட்கப்படாவிட்டால் கவலைப்படவும் செய்கிறார். ஆங்கிலத்தில் இந்த உறவைக் ‘கிரிட்டிக்கல் பிரெண்ட்’ என்பார்கள். இடித்துரைக்கும் நட்பு என்று நம் மொழியில் ஏற்கெனவே ஒரு கருத்து இருப்பதால் அதை விளங்கிக்கொள்ள நமக்கு அகராதி வேண்டியதில்லை.

பெற்றோருக்கு இந்த இருக்கை எளிதில் கிடைத்ததல்ல. 1970கள் வரை பல ஊர்களில் கவர்னர் குழு என்பது உள்ளூராட்சிக் கட்சிகள் தம் ஆட்களை நியமிக்கும் இடமாகவே இருந்தது. சில இடங்களில் பல பாடசாலைகளுக்குச் சேர்த்து ஒரே குழுவே இருந்தது. உள்ளூராட்சி, ஆசிரியர், பெற்றோர், ஊரார் ஆகிய நான்கு தரப்பும் சமமாக அமர வேண்டும் என்று 1977இல் ரெய்லர் குழு அறிக்கை பரிந்துரைத்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் கவர்னர்களைக் கட்டாயமாக்கியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் குழுக்களில் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி மன்றத்துக்கு, இருந்த பெரும்பான்மையை நீக்கியது. 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் பாடசாலையின் பாதீட்டையே கவர்னர்களின் பொறுப்பில் விட்டது. இன்று கவுன்சிலின் கீழ் உள்ள பாடசாலையில் குழு குறைந்தது ஏழு பேரைக் கொண்டிருக்க வேண்டும். அதில் குறைந்தது இருவர் பெற்றோர், மற்றவர்கள் அதிபர், ஊழியர் ஒருவர், கவுன்சில் முன்மொழிந்த ஒருவர், குழு இணைத்துக்கொண்டவர்கள். பதவிக்காலம் வழக்கமாக நான்கு ஆண்டுகள், சம்பளம் கிடையாது. அனுமதி பெறாமல் ஆறு மாதம் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால் பதவி போய்விடும். உங்கள் பாடசாலை கவுன்சிலின் கீழ் இல்லாமல் ஓர் அகடமி அறக்கட்டளைக்குள் இருந்தால் மட்டும் கதை வேறு. அங்கே சட்டப்படியான பொறுப்பு அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுடையது. உள்ளூர்க் குழுவுக்கு அவர்கள் எதைக் கையளித்தார்களோ அதுவே உங்கள் எல்லை. ‘ஸ்கீம் ஒஃப் டெலிகேஷன்’ என்ற பெயரில் இரண்டு மூன்று பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் முன் அதை வாங்கிப் படியுங்கள்.

அடுத்து, எல்லாக் கூட்டத்திலும் காதில் விழும் இரண்டு சொற்கள்: ‘ஸ்ரற்றீஜிக்’ (திசை வகுப்பது), ‘ஒப்பரேஷனல்’ (அன்றாடம் நடத்துவது). முன்னது நம் வேலை, பின்னது அதிபரின் வேலை என்பார்கள். உங்கள் மகளின் வாசிப்புப் புத்தகம் இரண்டு வாரமாக மாற்றப்படவில்லை என்பது வகுப்பாசிரியரிடம் பேச வேண்டிய விடயம். பாடசாலை முழுவதும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் புத்தகங்கள் அவர்களுடைய வாசிப்பு நிலைக்குப் பொருந்துகின்றனவா, அதை யார் எப்படிக் கண்காணிக்கிறார் என்பது கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கோடு சரியானதுதான். ஆனால் சங்கடமான கேள்வியை ஒதுக்குவதற்கும் சில இடங்களில் இதே கோட்டைக் காட்டுவார்கள். அப்போது கேள்வியைக் கைவிட வேண்டாம். “இதை நீங்கள் எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, செய்யப்படுகிறது என்று குழுவுக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்கிறேன்” என்று சொன்னால் போதும்.

இனி அந்த எழுத்துகளுக்கு வருகிறேன். என் முதற்கூட்டம் பாடசாலை நூலகத்தில், ஏழு வயதுப் பிள்ளைகள் அமரும் தாழ்ந்த நாற்காலிகளில் நடந்தது. முழங்கால் மேசையில் இடிக்க, மடியில் ஆவணங்களை வைத்துக்கொண்டிருந்தேன். அதிபரின் அறிக்கையில் ஓர் அட்டவணை: ‘பி.பி. 33, நொன்-பி.பி. 71’. வறிய குடும்பங்களின் பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் சதவீதத்தில் ஒப்பிடுவது அது என்று எனக்கு அப்போது தெரியாது. “இடைவெளியைக் குறைப்பதில் கவனம் செலுத்தி வருகிறோம்” என்றார் அதிபர். எல்லோரும் தலையசைத்தார்கள், நானும் அசைத்தேன். எனக்கு அருகில் இருந்த முதியவர், ஓய்வுபெற்ற கணக்காளர், “அந்த 33 என்பது எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டார். ஒன்பது பேரில் மூன்று பேர் என்றார் அதிபர். “அப்படியானால் மற்ற ஆறு பேருக்கும் என்ன நடக்கிறது?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதிபர் பெயர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த ஆறு பேரில் இருவர் ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவர்கள், ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது வருவதில்லை, இன்னொருவருக்குக் கண்ணாடி தேவை என்பதே சென்ற தவணையில்தான் தெரியவந்தது என்று அவர் விளக்கினார். அதுவரை சதவீதமாக இருந்தது பிள்ளைகளாகிவிட்டது. பேச்சும் காலை வரவு, கண் பரிசோதனை என்று கையில் பிடிக்கக்கூடிய விடயங்களுக்குத் திரும்பியது. அந்த முதியவருக்கும் பி.பி. என்பதன் முழு விதிகள் தெரியாது என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

பி.பி. என்பது பியூப்பில் பிறீமியம். வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்காகப் பாடசாலைக்கு அரசு தரும் மேலதிக நிதி, 2011இல் தொடங்கியது. வருமானம் குறைந்ததால் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றதாகக் கடந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறையாவது பதிவான ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பணம் வரும். ஆவணங்களில் ‘எவர் 6’ என்று காண்பது இதைத்தான். 2024-25 நிதியாண்டில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு 1,480 பவுண், இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைக்கு 1,050 பவுண். இதில் நம் சமூகத்தை நேராகத் தொடும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் மூன்று வகுப்புகளுக்கு 2014 முதல் எல்லோருக்கும் உணவு இலவசம். இலண்டனில் 2023 செப்டெம்பர் முதல் நகர முதல்வரின் நிதியால் ஆரம்பப் பாடசாலை முழுவதற்கும் இலவசம். தட்டில் சோறு எப்படியும் வருகிறது என்பதால் பெற்றோர் பலர் தகுதிப் படிவத்தை நிரப்புவதில்லை. எல்லோருக்கும் கிடைக்கும் உணவுக்காக பியூப்பில் பிறீமியம் வராது. வருமானத் தகுதி பதிவானால்தான் வரும். வெட்கத்தினாலோ, குடிவரவு நிலைமை பற்றிய அச்சத்தினாலோ ஒரு தாய் நிரப்பாமல் விட்ட படிவத்தால் பாடசாலை ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு பவுணுக்குக் கிட்ட இழக்கிறது. அரச கொடுப்பனவுகள் பெற உரிமை இல்லாத குடும்பங்களும் சில வருமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எங்கள் குழுவில் இதை எடுத்துப் பேசினேன். படிவத்தைத் தமிழிலும் குஜராத்தியிலும் விளக்கி, ஒரு காலை வாசலில் மேசை போட்டு, அலுவலக ஊழியர் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். என் ஒன்பது ஆண்டு வேலையில் மனநிறைவோடு நினைக்கும் காரியங்களில் அது ஒன்று.

அடுத்தது ஈ.ஏ.எல். ஆங்கிலத்தை மேலதிக மொழியாகக் கொண்ட பிள்ளை என்று பொருள். வீட்டில் தமிழ் பேசும் உங்கள் மகளும் அந்த நிரலில் இருக்கலாம், அவள் ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதலாவதாக இருந்தாலும் கூட. இந்தச் சொல் பிள்ளையின் ஆங்கிலத் தேர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நேற்று விமானத்தால் இறங்கிய பிள்ளையும், இங்கேயே பிறந்து மூன்று மொழியில் சிரிக்கும் பிள்ளையும் ஒரே கட்டத்துக்குள் நிற்கிறார்கள். ஆகவே “நம் ஈ.ஏ.எல். பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள்” என்று சராசரியைக் காட்டினால், சென்ற இரண்டு ஆண்டுகளில் வந்தவர்களைத் தனியே பிரித்துக் காட்டும்படி கேளுங்கள்.

அதற்குப் பக்கத்து நிரலில் இருப்பது செண்ட்: விசேட கல்வித் தேவைகளும் மாற்றுத்திறனும். இந்த இரண்டு நிரல்களும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. வீட்டில் பேசும் மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்று 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் குடும்பங்கள் சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. வகுப்பில் வாய் திறக்காத ஒரு தமிழ்ச் சிறுவன் பல மாதங்கள் விசேட உதவிக் குழுவில் இருத்தப்பட்டிருந்ததை நான் ஒருமுறை அறிய நேர்ந்தது. வீட்டு மொழியில் அவனோடு ஒருவர் பேசிப் பார்த்தபோதுதான் அவன் நீண்ட கதையை ஒழுங்காகச் சொல்லக்கூடியவன் என்று தெரிந்தது. எதிர்ப்புறமான தவறும் நடக்கிறது. உண்மையிலேயே கேட்டல் குறைபாடோ, மொழி விளக்கக் குறைபாடோ உள்ள பிள்ளையை, “வீட்டில் வேறு மொழி, போகப்போகச் சரியாகிவிடும்” என்று மூன்று ஆண்டுகள் விட்டுவிடுவதும் உண்டு. இரண்டு நிரலிலும் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களை வீட்டு மொழியில் யாராவது பரிசோதித்தார்களா என்று கேட்க ஒரு தமிழ்ப் பெற்றோர் கவர்னரை விடப் பொருத்தமானவர் அந்த மேசையில் இருக்க மாட்டார்.

செண்ட் விடயங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் சென்கோ. பிள்ளையின் தேவை பாடசாலையின் சாதாரண உதவிக்கு மிஞ்சியதாக இருந்தால் கவுன்சிலிடம் ஈ.எச்.சி.பி. கேட்கலாம், கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து எழுதும் சட்டபூர்வத் திட்டம் அது. கேட்ட நாளிலிருந்து 20 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி, ஆனால் பல இடங்களில் அதற்கு மேல் இழுபடுகிறது. அந்தப் பிள்ளைக்கான மேலதிகச் செலவில் முதல் 6,000 பவுண் வரை பாடசாலையே தன் பாதீட்டிலிருந்து கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இதனால், பெற்றோர் நம்பி வரும் நல்ல பாடசாலைக்கு விசேட தேவைப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள், அதன் பாதீடு விரைவில் இறுகும். நிதிக் குழுவில் அமர்ந்து இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வருத்தமாக இருக்கிறது. அதற்காக ஒரு பிள்ளையைத் தட்டிக்கழிக்கும் எண்ணம் எவருக்கும் வராமல் பார்த்துக்கொள்வதும் குழுவின் கடமை.

பெறுபேறுகள் பற்றிய பக்கங்களை எல்லோரும் அதிகம் அஞ்சுகிறார்கள், உண்மையில் அவை எளியவை. ஆறாம் ஆண்டில் மே மாதம் நடக்கும் பரீட்சைகள் சாட்ஸ். மூலப் புள்ளிகளை 80 முதல் 120 வரையான அளவுக்கு மாற்றுவார்கள். 100 எடுத்தால் ‘எதிர்பார்க்கப்படும் தரம்’, 110 எடுத்தால் ‘உயர் தரம்’. வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்க்கப்படும் தரத்தை எட்டியவர்கள் நாடு முழுவதிலும் 2019இல் 65 சதவீதம், 2024இல் 61 சதவீதம். நான்காம் ஆண்டில் பெருக்கல் வாய்ப்பாட்டுச் சோதனை: 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு வினாடி. முதலாம் ஆண்டில் ஒலியியல் சோதனை: 40 சொற்கள், அவற்றில் பாதி பொருளற்ற சொற்கள், பிள்ளை எழுத்தைக் கூட்டி வாசிக்கிறதா அல்லது நினைவிலிருந்து சொல்கிறதா என்று பார்ப்பதற்காக. இவற்றைப் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது மூன்று சதவீதத்துக்கு மேல். பரீட்சை நாளில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் வரைபடம் சரிந்துவிடும். ஆகவே ஓர் ஆண்டின் ஏற்றத்துக்குக் கைதட்டவும் வேண்டாம், ஓர் ஆண்டின் இறக்கத்துக்குப் பதறவும் வேண்டாம். மூன்று ஆண்டுகளை அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பான் என்ற மூன்றெழுத்து சிறியதாக இருந்தாலும் இன்று இலண்டன் பாடசாலைகளில் அதிபர்களின் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். பாடசாலையில் புதிதாகச் சேரும் ஆண்டுப் பிரிவுக்கு எத்தனை பிள்ளைகளைச் சேர்ப்போம் என்று அறிவித்த எண்ணிக்கை அது, ஆண்டுக்கு ஒரே வகுப்பு உள்ள பாடசாலையில் வழக்கமாக 30. பிறப்பு வீதம் குறைந்து, வாடகை தாங்காமல் இளம் குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறுவதால் சில பாடசாலைகளில் முப்பது இடங்களில் இருபத்து மூன்றுதான் நிரம்புகின்றன. நிதி பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. ஒக்ரோபர் மாதக் கணக்கெடுப்பு நாளில் பதிவில் உள்ள எண்ணிக்கையே அடுத்த நிதியாண்டின் பணத்தைத் தீர்மானிக்கிறது. இருபத்து மூன்று பேர் இருந்தாலும் முப்பது பேர் இருந்தாலும் ஆசிரியர் ஒருவர், அறை ஒன்று, வெப்பமூட்டும் செலவும் ஒன்று. அந்த ஏழு வெற்றிடங்கள் ஏழு ஆண்டுகள் வகுப்பு வகுப்பாக மேலேறிப் பாதீட்டை அரித்துக்கொண்டே போகும். பாதீட்டு அறிக்கையில் இந்த ஆண்டின் மிச்சத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் மூன்றாம் ஆண்டின் நிரலுக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள்; ஆபத்து இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

எழுத்துச்சுருக்கங்களைத் தேடிப் பிடித்துவிடலாம், பாடசாலையிலேயே ஒரு பட்டியல் இருக்கும். தேசிய கவர்னன்ஸ் சங்கமும் ஒன்றை வைத்திருக்கிறது. என் அனுபவத்தில் அவற்றை விட அதிகம் ஏமாற்றுபவை எல்லோருக்கும் தெரிந்தது போலத் தோன்றும் சொற்கள். ‘றொபஸ்ற்’ (உறுதியானது), ‘எம்பெடட்’ (வேரூன்றியது), ‘மாஸ்ரறி’, ‘டீப் டைவ்’ (ஆழ்ந்து ஆராய்தல்), ‘இன்ரென்ற், இம்ப்ளிமென்ரேஷன், இம்பாக்ற்’ (நோக்கம், நடைமுறை, விளைவு) என்று அறிக்கைகளில் வரும். இவற்றில் சில உண்மையான கருத்துகள். மாஸ்ரறி என்றால், ஒரு கணிதக் கருத்தை வகுப்பு முழுவதும் நன்கு பிடித்துக்கொண்ட பிறகே அடுத்ததற்குப் போவது. அது பயனுள்ள முறை. ஆனால் “புதிய வாசிப்புத் திட்டம் பாடசாலை முழுவதும் எம்பெடட் ஆகிவிட்டது” என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியத்தில் நமக்கு எதுவும் சொல்லப்படவில்லை. எத்தனை வகுப்பில் நடக்கிறது, ஆசிரியர் விடுமுறையில் போனால் பதிலாக வருபவரும் அதையே செய்கிறாரா, பிள்ளைகளிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று கேட்டால்தான் விடயம் வெளியே வரும். ‘ட்றையாங்குலேஷன்’ என்று ஒரு பெரிய சொல் சொல்வார்கள். அதிபர் சொன்னது, எண்கள் காட்டுவது, உங்கள் கண் பார்த்தது மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் அது. ஆண்டுக்கு ஓரிரு முறை, முன்கூட்டியே நாள் குறித்து, குழு ஒப்படைத்த ஒரு விடயத்துக்காகப் பாடசாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். ஆசிரியரை மதிப்பிடப் போகவில்லை என்பதை நீங்களும் நினைவில் வைத்து அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சில சொற்களில் மட்டும் சரியாக இருந்தே ஆக வேண்டும், அவை பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியவை. கே.சி.எஸ்.ஐ.ஈ. என்பது பிள்ளைப் பாதுகாப்புக்கான அரச வழிகாட்டி. வழக்கமாக ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதுப்பிக்கப்படும். டி.எஸ்.எல். என்பவர் பாடசாலையில் அதற்குப் பொறுப்பான மூத்த ஊழியர். ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொல்லிவிட்டால் துருவிக் கேட்காமல், இரகசியமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்காமல், அன்றே அவரிடம் சொல்ல வேண்டும். ஆசிரியர் மீது குற்றச்சாட்டு என்றால் அதிபரிடமும், அதிபர் மீதே என்றால் தவிசாளரிடமும் போக வேண்டும். அங்கிருந்து அது லாடோ எனப்படும் கவுன்சில் அதிகாரிக்குப் போகும். அதேபோல, நிரந்தரமாக நீக்கப்பட்ட பிள்ளையின் விடயத்தையும், ஒரு தவணையில் பதினைந்து நாளுக்கு மேல் இடைநிறுத்தப்பட்ட பிள்ளையின் விடயத்தையும் கவர்னர்களில் மூவர் கொண்ட குழு 15 பாடசாலை நாள்களுக்குள் விசாரிக்க வேண்டும். அந்த மேசையில் நான் இருமுறை அமர்ந்திருக்கிறேன். எதிரே ஒரு தாய், பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளை, நடுவில் ஒரு கட்டுக் காகிதம். அன்று இந்தப் பொறுப்பின் கனத்தை உணர்வீர்கள். அதற்குரிய பயிற்சி பெறாமல் அதில் அமர ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட் பற்றிச் சுருக்கமாக: பரிசோதனைச் சொற்கள் அண்மையில் மாறியிருக்கின்றன. ஒரு பாடசாலை முழுவதையும் ஒரே சொல்லில் தரப்படுத்தும் முறை 2024 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. றெடிங் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலை அதிபர் றூத் பெறி 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டதும், அதற்குப் பரிசோதனை ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி கண்டதும் அந்த மாற்றத்தின் பின்னணியில் இருக்கின்றன. 2025 நவம்பர் முதல் பல பகுதிகளாகத் தரம் சொல்லும் அறிக்கை அட்டை நடைமுறையில் இருக்கிறது. பரிசோதகர்கள் கவர்னர்களையும் சந்திப்பார்கள். அன்றைக்கென்று எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆண்டு முழுவதும் நீங்கள் கேட்ட கேள்விகளும் கிடைத்த விடைகளும் கூட்டக் குறிப்பில் இருந்தால் அதுவே போதும்.

நம் சமூகத்துக்குள் உங்களுக்கு வரப்போகும் ஒரு நெருக்கடியையும் சொல்ல வேண்டும். நீங்கள் கவர்னர் என்று தெரிந்ததும் கோயிலிலும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலும், கலியாண வீட்டிலும் பெற்றோர் வந்து முறையிடுவார்கள். பெற்றோர்கள் உங்களைத் தெரிவு செய்தார்கள், ஆனால் நீங்கள் அவர்களுடைய முகவர் அல்ல. பெற்றோரின் கண்ணோட்டத்தோடு எல்லாப் பிள்ளைகளுக்காகவும் முடிவெடுக்க வந்தவர். தனி முறைப்பாட்டை ஆழமாகக் கேட்டுவிட்டால், பின்னர் அது விசாரணைக் குழுவுக்கு வரும்போது நீங்கள் அதில் அமர முடியாமல் போகும். “அக்கா, இதை முதலில் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், தீராவிட்டால் முறைப்பாட்டு நடைமுறை பாடசாலை இணையத்தளத்தில் இருக்கிறது, படிவம் நிரப்ப உதவி தேவைப்பட்டால் அலுவலகத்தில் கேளுங்கள்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே விடயத்தைப் பத்துப் பெற்றோர் சொன்னால் அது தனி முறைப்பாடு அல்ல, கூட்டத்துக்குரிய கேள்வி. ஊருக்குப் போவதற்காகத் தவணை நடுவில் பிள்ளையை நிறுத்துவது அத்தகைய ஒன்று. பத்து அரைநாள்கள், அதாவது ஐந்து நாள்கள் அனுமதியின்றி நின்றாலே 2024 ஓகஸ்ட் முதல் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண் தண்டம் வரலாம், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் அது 160 பவுண். பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளை ‘பி.ஏ.’, அதாவது தொடர்ந்து வராதவர், என்ற நிரலில் ஏறுகிறது. முழு ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது பத்தொன்பது நாள்தான். இது தெரியாமல் விமானச் சீட்டு எடுத்த குடும்பங்களை நான் அறிவேன். நம் பெற்றோருக்கு விளங்கும் மொழியில் இது முன்கூட்டியே சொல்லப்படுகிறதா என்று நீங்கள் கூட்டத்தில் கேட்கலாம்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிய தயக்கம் கேள்வியில் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று நினைக்கிறேன், எனக்கும் இருந்தது. எளிய சொற்களில் கேட்கப்படும் கேள்விக்கு எளிய சொற்களில் விடை சொல்ல வேண்டிய கட்டாயம் எதிரே இருப்பவருக்கு வருகிறது என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அவசரத்தில் வாய் குழறும் என்று தோன்றினால் கேள்வியை முன்கூட்டியே எழுதித் தவிசாளருக்கு அனுப்பிவிடுங்கள். கூட்ட அறிவித்தலும் ஆவணங்களும் ஏழு முழு நாள்களுக்கு முன் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பது விதி. பிந்தி வந்தால், கூட்டங்களை ஒழுங்கு செய்து குறிப்பெழுதும் கிளார்க்கிடம் தயங்காமல் கேளுங்கள். அவர் குழுவுக்கு வேலை செய்பவர், புதியவர்களுக்கு விளக்கம் சொல்வதும் அவருடைய பணிதான்.

இப்போது அந்த எண்பது பக்கங்களையும் திரும்ப எடுங்கள். அதிபரின் அறிக்கை, பாதீட்டுச் சுருக்கம், சென்ற கூட்டத்தின் குறிப்பு ஆகிய மூன்றை மட்டும் பென்சிலோடு படியுங்கள். புரியாத எழுத்துகளுக்கு வட்டம் போடுங்கள், ஐம்பது வட்டம் வந்தாலும் பரவாயில்லை. அவற்றில் பிள்ளைகளைக் குறிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பொருளையும், நம் பாடசாலையில் அது எத்தனை பிள்ளைகள் என்பதையும் முதற்கூட்டத்தில் கேளுங்கள். மற்ற வட்டங்களை அடுத்த நாள் கிளார்க்கிடம் கொடுத்து விளக்கம் வாங்கிக்கொள்ளலாம்.